தெருவில் புகை, வயலில் கொசு

ஐப்பசியில் மழை நாலு நாள் விடாமல் பெய்துவிட்டால் போதும். நெல் வயல் சூழ்ந்த எந்த ஊரிலும் ஊராட்சித் தலைவருக்கு வரும் முதல் தொலைபேசி, "கொசு தாங்கல, புகை அடிக்கச் சொல்லுங்க" என்பதாகத்தான் இருக்கும். மறுநாளோ அதற்கு மறுநாளோ தோளில் புகைக் கருவியை மாட்டிக்கொண்டு ஒருவர் வருவார். தெருவை வெண்புகை மூடும். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். அன்றிரவே தொழுவத்து மாடு நிலைகொள்ளாமல் வாலைச் சுழற்றும். மருந்தில் தண்ணீர் கலந்துவிட்டார்கள், டீசலை விற்றுவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பும். மருந்து சரியானதாகவே இருந்திருக்கலாம். புகை போன இடத்தில் கொசு இருந்ததா என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்தப் புகைக்குப் பின்னால் ஊறிப்போன ஒரு கருத்து இருக்கிறது. கொசு இரவில் கடிக்கிறது. பகலில் வீட்டின் இருட்டு மூலையிலும் சாக்கடை ஓரத்திலும் கொல்லைப் புதரிலும் ஒளிந்துகொள்கிறது. ஆகவே சுவருக்கு மருந்து தெளித்து, புதரை வெட்டி, தெருவுக்குப் புகை போட்டால் ஒழிந்துவிடும். கிராமசபையில் மனுக் கொடுப்பவரும், மனுவை வாங்கிக்கொள்பவரும், மேலிருந்து மருந்தை அனுப்புபவரும் இதில் ஒரே கட்சி.

வயல் சூழ்ந்த ஊருக்கு இந்தக் கருத்து பொருந்தாது என்பதே என் வாதம். நெல்லை நம்பிப் பெருகும் கொசுக்களில் பெரும்பகுதி பகல் பொழுதை ஊருக்குள் கழிப்பதில்லை. பயிரின் தூரிலும் வரப்புப் புல்லிலும் கரும்புத் தோகைக்கு அடியிலும் அவை அமர்ந்திருக்கின்றன. புகைக்காரர் அங்கே போவதில்லை; போனாலும் பயன் இல்லை.

முதலில் எதிர்த் தரப்புக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். நகரத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி, கட்டிலுக்கு அடியிலும், தொங்கும் துணிகளிலும், அலமாரிக்குப் பின்னாலும் தங்குகிறது. சாக்கடையில் பிறந்து யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் குயின்கிஃபேசியேட்டஸ் வீட்டுக்குள் ஓய்வெடுக்கத் தயங்காத இனம். நகரத்தில் வாழ்பவர் காலையில் குளியலறைச் சுவரில் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் கொசு என்று நாம் ஒற்றைப் பெயரால் அழைப்பது நூற்றுக்கணக்கான இனங்களை. பிறக்கும் நீர், கடிக்கும் நேரம், விரும்பும் உயிர், ஓய்வெடுக்கும் இடம் எல்லாம் இனத்துக்கு இனம் வேறுபடும். நகரத்து இரண்டு இனங்களை வைத்து எழுதிய மருந்துச் சீட்டை வயல்காட்டுக்கும் நீட்டுவதில்தான் பிழை தொடங்குகிறது.

வயல்காட்டுக் கொசுக்களில் முதலில் நிற்பது கியூலெக்ஸ் ட்ரைடீனியோரிங்கஸ். அதன் நெருங்கிய உறவான கியூலெக்ஸ் விஷ்ணுயியும், கியூலெக்ஸ் ஜெலிடஸும் அதனோடு சேர்ந்து காணப்படும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்புபவை இவை. இந்தியாவில் அந்த நோயால் தாக்கப்பட்ட மனிதர்கள் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955இல், அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்து வேலூரில். பிறகு தென்னார்க்காட்டுப் பக்கம், இன்றைய கடலூர், விழுப்புரம் வட்டாரங்கள் அந்த நோய்க்குப் பெயர் பெற்றன. நெல்லும் கரும்பும் ஏரியும் வாய்க்காலும் நிறைந்த நிலம் அது. தண்ணீர் கட்டிய நெல் வயலில் பிறந்து, பொழுது சாய்ந்தபின் எழுந்து, மாட்டை முதலாகவும் பன்றி, பறவை, மனிதர்களை அடுத்தும் கடித்து, விடிவதற்குள் வெளியிடத்திலேயே அடங்கிவிடும் இனம் ட்ரைடீனியோரிங்கஸ். வீட்டுக்குள் வந்து கடித்தாலும் அங்கே தங்கிப் பகலைக் கழிப்பது குறைவு.

ஏன் வயல்? கொசுவின் உடல் அமைப்பே பதில் சொல்லும். இரண்டு மூன்று மில்லிகிராம் எடையுள்ள உடல். அதன் பருமனோடு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு மிக அதிகம்; அதனால் வெயிலிலும் காற்றிலும் ஈரத்தை விரைவாக இழந்துவிடும். நடுப்பகலில் வெட்ட வெளியில் அகப்பட்ட கொசு நெடுநேரம் பிழைக்காது. நிழல், ஈரக்காற்று, அசைவில்லாத சூழல் மூன்றும் அதற்கு வேண்டும். ரத்தம் குடித்த பெண் கொசுவுக்கு இந்தத் தேவை இரட்டிப்பு. தன் எடைக்கு நிகரான ரத்தத்தைச் சுமந்துகொண்டு, அது செரித்து முட்டை முதிரும் வரை, நம் வெப்பநிலையில் இரண்டு மூன்று நாள், அது அமர்ந்தே இருக்க வேண்டும். கொசுவின் வாழ்நாளில் பறப்பதும் கடிப்பதும் சிறு பகுதி, அமர்ந்திருப்பதே பெரும்பகுதி. ரத்தமே குடிக்காத ஆண் கொசுக்களுக்கும் பகலில் இதே போன்ற நிழல்தான் வேண்டும்.

கதிர் வரும் பருவத்து நெல் வயலில் குனிந்து தூரை விலக்கிப் பார்த்தவர்களுக்கு அங்கே உள்ள குளிர்ச்சி தெரியும். மேலே இலைகள் ஒன்றோடொன்று மூடிக்கொண்டு வெயிலைத் தடுக்கின்றன. இலைகள் விடும் நீராவி காற்றைக் குளிர வைக்கிறது. கீழே நிற்கும் நீர் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. வரப்பில் வீசும் காற்று தூருக்குள் நுழைவதில்லை. வெயில் காயும் ஊரில் ஓட்டு வீட்டின் உள்சுவர் இதற்கு ஈடாகுமா? சிமெண்ட் வீடும் மின்விசிறியும் வந்தபிறகு வீடு இன்னும் தகுதி குறைந்த இடமாகிவிட்டது.

பருவத்துக்கு ஏற்ப இந்த இருப்பிடம் மாறுவதையும் கவனிக்க வேண்டும். நட்ட புதிதில் பயிர் வெளி விட்டு நிற்கும்; நீரில் வெயில் படும்; கொசுப் புழுக்கள் மிகுதியாக வளர்வது இந்தக் காலத்தில்தான். ஆனால் வளர்ந்த கொசு அங்கே அமர முடியாது, நிழல் கிடையாது. அது வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் மண்டிய கோரைக்கும், பக்கத்துக் கரும்புக்கும் வாழைத் தோப்புக்கும் போகும். பயிர் தழைத்து நிலத்தை மூடியபின் நீரில் புழு குறைகிறது. வளர்ந்த கொசு தங்க வயலே இடம் தருகிறது. இவை தவிர நண்டு வளை, எலி வளை, மதகின் உள்பக்கம், பாழ் கிணற்றின் சுற்றுச்சுவர், மரப்பொந்து, பம்ப்செட் அறையின் இருட்டு என்று வயல்காடு முழுக்க அதற்கு மாற்று இடங்கள் உண்டு. சம்பா முடிந்து வயல் காய்ந்தாலும் தங்க இடம் இல்லாமல் போவதில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். "பிடித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் வீட்டிலும் தொழுவத்திலும்தானே பிடித்திருக்கிறார்கள்? வயலில் அவ்வளவு கொசு இருந்தால் அங்கே ஏன் கிடைக்கவில்லை?" கணக்கெடுக்கும் முறையை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வியிலேயே விடையும் தெரியும். வீட்டில் தேடினார்கள், வீட்டில் கிடைத்தது.

நம் நாட்டில் கொசு அடர்த்தியைக் கணக்கிடப் பழக்கத்தில் உள்ள முறை மலேரியா காலத்தில் வேர்விட்டது. களப்பணியாளர் விடியற்காலையில் டார்ச் விளக்கும் வாயால் உறிஞ்சும் குழாயும் எடுத்துக்கொண்டு வீடுகளுக்கும் தொழுவங்களுக்கும் போவார். சுவரிலும் கூரையிலும் அமர்ந்த கொசுக்களை உறிஞ்சிப் பிடிப்பார். ஓர் ஆள் ஒரு மணி நேரத்தில் பிடித்த எண்ணிக்கைதான் அடர்த்தி. சுவரில் அமரும் அனாபிலிஸைத் தேடுவதற்கு இது சரியான முறை. மூளைக்காய்ச்சல் கொசுக்களுக்கு இது உதவாது என்பதை ஆய்வாளர்கள் அறிந்துதான் வேறு முறைக்குப் போனார்கள். தென்னார்க்காட்டு ஊர்களில் நடந்த ஆய்வுகளில், பொழுது சாய்ந்த ஒரு மணி நேரத்தில் தொழுவத்தைச் சுற்றியுள்ள செடிகொடிகளிலும் கூரைகளிலும் அமர்ந்தவற்றைப் பிடித்தார்கள். இது முன்னதைவிட நல்ல முறைதான். ஆனால் அப்போது அங்கே இருப்பவை, மாட்டைத் தேடி வயலிலிருந்து வந்து சேர்ந்தவை. அவை அந்திப்பொழுதில் காத்திருக்கும் இடம் அது. நண்பகலில் அவை எங்கே இருந்தன என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. விளக்குப் பொறியும் அப்படித்தான். பசியோடு பறக்கும் கொசுக்களே அதில் அதிகம் விழும். ரத்தம் குடித்துவிட்டு அமர்ந்திருப்பது பொறியைத் தேடி வருவதில்லை.

வயலில் தேடுவது கடினம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சுவரில் கொசு கண்ணுக்குத் தெரியும். பயிருக்குள் ஒரு கை நீட்டினால் பறந்து, நாலடி தள்ளி மறுபடி தூருக்குள் மறையும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரே ஒரு கொசு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தேடுபவர் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை என்றுதான் படும். ஆனால் ஓர் ஏக்கர் என்பது நாலாயிரம் சதுர மீட்டருக்கும் மேல். நூறு ஏக்கர் ஆயக்கட்டு உள்ள ஊரில் அது நாலு லட்சம் கொசு. தொழுவத்தில் நெருக்கமாகத் தெரியும் நூறு கொசு நம் கண்ணை ஏமாற்றிவிடுகிறது. பரந்து கிடக்கும் லட்சம் தெரிவதில்லை.

அதனால்தான் பூச்சியியலாளர்கள் வெளியிடத்து ஓய்வைக் காணத் தனிக் கருவிகள் செய்தார்கள். முயர்ஹெட் தாம்சன் என்ற பூச்சியியலாளர் 1950களில் ஆப்பிரிக்காவில் பயன்படுத்திய முறை இன்றும் அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிறது. ஆள் இறங்கும் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கச்சுவரில் சிறு பொந்துகள் குடைந்து, விடிந்தபின் அந்தப் பொந்துகளில் அமர்ந்த கொசுக்களைப் பிடிப்பது. கலிபோர்னியப் பண்ணை நிலங்களில் உள்புறம் சிவப்பு பூசிய பெட்டிகளைத் திறந்த வாயோடு வைத்து, பகலில் அதற்குள் ஒதுங்கும் கொசுக்களை எண்ணினார்கள். முதுகில் சுமக்கும் மின்விசிறி உறிஞ்சிகளும், பயிரின் மேல் கவிழ்த்துச் சுற்றிலும் மூடிவிடும் வலைக்கூண்டுகளும் வந்தன. இவற்றில் பிடிபடும் கொசுக்களில் பசித்தது, குடித்தது, பாதி முட்டை முதிர்ந்தது, முழு முட்டையோடு இருப்பது, ஆண் என்று எல்லா நிலையும் இருக்கும். பசித்தவற்றையே காட்டும் பொறியைவிட இதுதான் கொசுக் கூட்டத்தின் முழு வடிவம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எந்தக் கொசு எதன் ரத்தத்தைக் குடிக்கிறது என்று அதன் வயிற்றில் உள்ள ரத்தத்தைச் சோதித்து முடிவு செய்கிறோம். தொழுவத்தில் பிடித்த கொசுவின் வயிற்றில் மாட்டு ரத்தமும், படுக்கையறையில் பிடித்ததில் மனித ரத்தமும் இருப்பதில் வியப்பென்ன? இரண்டையும் சாராத இடத்தில், வயலின் நடுவே அமர்ந்திருக்கும் கொசுவைச் சோதித்தால்தான் நடுநிலையான விடை வரும். பகலில் எங்கே அமர்கிறது என்ற கேள்வியைத் தள்ளிவிட்டால் நோய் பரவும் வழி பற்றிய கணக்கும் கோணிப்போகும்.

அடுத்த மறுப்புதான் இருப்பதிலேயே வலுவானது. "சுவருக்கு மருந்து அடித்துத்தானே இந்தியா மலேரியாவை விரட்டியது?" உண்மை. 1953இல் தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேர் மலேரியாவால் பாதிக்கப்படுவதாக மதிப்பிட்டார்கள். வீடு வீடாக டிடிடி தெளித்து, 1960களின் நடுவில் அதை ஏறத்தாழ ஒரு லட்சத்துக்கு இறக்கினார்கள். உலக சுகாதார வரலாற்றில் பெரிய சாதனை அது. ஆனால் அந்தச் சாதனை எதை நிரூபிக்கிறது? இந்தியக் கிராமத்தில் மலேரியாவைப் பரப்பும் முதன்மைக் கொசு அனாபிலிஸ் குலிசிஃபேசிஸ். அது ரத்தம் குடித்தபின் வீட்டுச் சுவரிலும் தொழுவத்திலும் அமரும் இனம். டிடிடி பூசிய சுவரில் அமர்ந்தது, செத்தது. அந்தத் திட்டத்தின் முழு அடிப்படையும் கொசு எங்கே அமர்கிறது என்ற அறிவுதான். அந்த அறிவை விட்டுவிட்டுத் தெளிப்பானை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு இனத்தின் மேல் பிரயோகிப்பது அந்த வெற்றியைப் புரிந்துகொள்ளாததன் அடையாளம். அதே டிடிடி வடகிழக்கு மாநிலக் காட்டோரங்களில் அனாபிலிஸ் டைரஸ் வகைக் கொசுவிடம் திணறியது. அது உள்ளே வந்து கடித்துவிட்டு வெளியே போய்விடும்.

அனாபிலிஸுக்கேகூட இந்த விதி எல்லா நிலத்திலும் செல்லவில்லை. 1969 முதல் 1976 வரை வட நைஜீரியாவின் கார்கி வட்டாரத்தில் உலக சுகாதார நிறுவனமும் நைஜீரிய அரசும் சேர்ந்து பெரிய ஆய்வு ஒன்றை நடத்தின. பண்ணைக் கிராமங்களில் வீட்டுக்குள் புரோபாக்சர் மருந்தை முறையாகத் தெளித்தார்கள். மக்களுக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். கடிக்கும் கொசு பெருமளவு குறைந்தும் நோய்ப் பரவல் அறுபடவில்லை. காரணங்களுள் முதன்மையானது, கொசுக்களில் ஒரு பகுதி வெளியிடத்தில் ஓய்வெடுத்தது. எந்த ஊரில் வெளியே அமரும் பங்கு அதிகமோ, அந்த ஊரில் மருந்தின் பலன் குறைவு. ஆள், பணம், மருந்து எதிலும் குறை வைக்காத ஒரு திட்டம் கொசுவின் ஓய்விடத்தால் தோற்றது. நம் ஊராட்சிப் புகைக் கருவி அதைவிட மேலானது என்று யாராவது சொல்ல முடியுமா?

புகைக்கே வருவோம். புகை என்பது மருந்தின் மிக நுண்ணிய துளிகள் காற்றில் மிதப்பது. அந்தத் துளி பறந்துகொண்டிருக்கும் கொசுவின் மேல் பட்டால் அது சாகும். சுவரிலோ இலையிலோ தங்கி நாளை வரும் கொசுவைக் கொல்லும் வேலை அதற்கு இல்லை. ஆகவே மூன்று நிபந்தனைகள் ஒருசேர வேண்டும்: கொசு பறக்கும் நேரம், அது பறக்கும் இடம், புகையைத் தரையோடு தங்க வைக்கும் அசைவற்ற காற்று. தெருவில் வெயில் சூடு தணியாத நேரத்தில் போடும் புகை மேலெழுந்து கலைந்துவிடும். அப்போது வயல் கொசு இன்னும் தூருக்குள் அமர்ந்திருக்கும். அது எழும்போது புகைக்காரர் வீட்டுக்குப் போய்விட்டிருப்பார். வயலுக்கே கருவியைத் தூக்கிக்கொண்டு போனாலும் மேல் இலைகள் துளிகளைத் தடுத்துவிடும். தூரை எட்டுவது சொற்பம். அப்படியே ஒரு வயலில் கொன்றுவிட்டாலும், கிலோமீட்டர் கணக்கில் பறக்கக்கூடிய இந்த இனம் பக்கத்து ஊர் வயலிலிருந்து அடுத்த இரவே வந்து சேரும். டெங்கு பரவும்போது அவசர நடவடிக்கையாகப் புகைக்கு ஓர் இடம் உண்டு. வயல் ஊரில் வாராந்திரச் சடங்காக அதற்கு எந்த இடமும் இல்லை.

"சரி, புதரையாவது வெட்டலாமே?" என்பார்கள். வீட்டை ஒட்டிய புதரை வெட்டுவதில் தவறில்லை. பகலிலேயே கடிக்கும் ஏடிஸ் அல்போபிக்டஸ் போன்ற இனங்களுக்கு அது ஓரளவு இடைஞ்சல். பாம்புக்கும் இடம் இல்லாமல் போகும். ஆனால் வயல் கொசு குறையும் என்று எண்ணி வெட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். ஓர் இடத்தை அழித்தால் பூச்சி குறைய வேண்டும் என்றால், அந்த இடம் அதற்குத் தட்டுப்பாடாக இருக்க வேண்டும். வேளாண் நிலத்தில் நிழலுக்கு என்ன தட்டுப்பாடு? ஊருக்குள் இருக்கும் பத்து நொச்சிப் புதரை வெட்டிவிட்டு, ஊரைச் சுற்றி நூறு ஏக்கரில் இடுப்பளவு பயிரை நாமே வளர்க்கிறோம். அந்தப் பயிரை வெட்டச் சொல்வார் யாரும் இல்லை.

அடுத்த யோசனை ஆபத்தானது. கொசு பயிரில்தான் இருக்கிறது என்றால் பயிருக்கே கொசு மருந்து அடித்துவிடலாமே என்பது. இதற்கு நம் விவசாயிகளிடமே பதில் இருக்கிறது. புகையான் தாக்கிய வயலில் அவர்கள் பட்ட பாடு அது. புகையான் பூச்சியும் நெல்லின் தூரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக அமர்வது. மேலாக அடித்த மருந்து அதைத் தொடாது. தூரில் படும்படி அடிக்க வேண்டும் என்று வேளாண் அலுவலர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். காற்றும் வெளிச்சமும் தூரை எட்டட்டும் என்றுதான் எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடச் சொல்கிறார்கள். அசையாமல் ஒரே தூரில் இருக்கும் பூச்சிக்கே இந்த நிலை என்றால், தொட்டால் பறந்துவிடும் கொசுவுக்கு எத்தனை முறை அடிப்பது?

அதைவிட முக்கியமான பாடமும் புகையானிடம் உண்டு. டெல்டாமெத்ரின் போன்ற செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளை நெல்லுக்கு அடித்தால் புகையான் குறைவதற்குப் பதில் மறுபடி பெருகுகிறது. அதைத் தின்னும் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் செத்துப்போவது அதற்கு ஒரு பெரிய காரணம். கொசுவுக்கும் இதே கதைதான். வயல் நீரில் தட்டானின் இளம்பூச்சியும் நீர் வண்டும் சிறு மீனும் கொசுப் புழுவைத் தின்கின்றன. பயிரில் சிலந்தி வளர்ந்த கொசுவைப் பிடிக்கிறது. மருந்து அவற்றை முதலில் கொல்லும். கொசு ஒரு வாரம் பத்து நாளில் மீண்டும் பிறந்துவிடும், அதன் பகைகள் அவ்வளவு விரைவாகத் திரும்புவதில்லை. கொசு வலையில் தோய்ப்பதும் சுவரில் தெளிப்பவற்றில் பலவும் இதே பைரித்ராய்டு குடும்பத்து மருந்துகள்தான். வயலிலேயே அந்த மருந்துக்குப் பழகி, தாங்கும் வலிமை பெற்ற கொசுவை நாமே வளர்த்து வீட்டுக்கு அனுப்புவதாக முடியும். ஆசியா முழுவதும் நெல் வயல் கொசுக்களிடம் பல மருந்துகளுக்கு எதிர்ப்பு காணப்படுவதற்கு வேளாண் மருந்துகளே பெரும் காரணம் என்பது பூச்சியியலாளர்களின் பொதுவான முடிவு.

மாட்டின் மேல் பழி போடுவோரும் உண்டு. "தொழுவத்தில்தான் கொசு மொய்க்கிறது, மாட்டை ஊருக்கு வெளியே கட்டு" என்பது அவர்கள் வாதம். மாடு நிறைய ரத்தம் தருவதால் கொசுத் தொகை கூடுகிறது என்பது உண்மை. ஆனால் மூளைக்காய்ச்சல் வைரஸ் மாட்டின் உடலில் பெருகுவதில்லை. பன்றியிலும், கொக்கு, மடையான் போன்ற நீர்ப்பறவைகளிலும்தான் பெருகுகிறது. மாட்டைக் கடித்த கொசு அந்தக் கடியில் நோயை வாங்கிக்கொள்வதில்லை. ஊரை விட்டுத் தள்ளி இருக்க வேண்டியது பன்றிக் கொட்டில்.

அப்படியானால் என்ன செய்வது? பகலில் வயலில் பரந்து அமர்ந்திருக்கும் வளர்ந்த கொசு நம் கைக்கு எட்டாது. இந்த ஒரு உண்மையை ஏற்றுக்கொண்டால் வழி தானாகத் தெளிவாகிறது. பறக்கத் தொடங்குவதற்கு முன் நீரிலேயே அதை நிறுத்த வேண்டும். நிறுத்த முடியாததன் கடியிலிருந்து மனிதரைக் காக்க வேண்டும்.

நீரில் நிறுத்தும் வழி நம் உழவர் மொழியிலேயே இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். கட்டிய நீர் வடிந்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்தபின் மறுபடி பாய்ச்சுவது. முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் நீர் தேவை. இடையில் வயல் காய்ந்தால் புழு சாகும். மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்து ஆய்வாளர்கள் 1990களிலேயே தமிழ்நாட்டு நெல் வயல்களில் இதைச் செய்து காட்டினார்கள். வேம்பு கலந்த யூரியாவையும் நீர் மேலாண்மையையும் சேர்த்தபோது புழுக்கள் குறைந்தன, விளைச்சல் குறையவில்லை. இன்று கடையில் விற்கும் வேப்பெண்ணெய் பூசிய யூரியா, தழைச்சத்து வீணாவதைத் தடுக்கப் பூசப்பட்டது. அதைக் கொசு மருந்து என்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் காய்ச்சலும் பாய்ச்சலும் இன்றே கைவசம் உள்ளது. திருந்திய நெல் சாகுபடியில் வேளாண் துறை தண்ணீரை மிச்சப்படுத்த இதைத்தான் சொல்கிறது. வயலில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாயைப் புதைத்து நீர்மட்டம் பார்க்கும் எளிய முறையும் வந்துவிட்டது.

இதில் தடைகளும் உண்டு. களை கூடும் என்ற பயம் நியாயமானது. முறை வைத்து ஆற்று நீர் விடும் பாசனத்தில், அடுத்த முறை எப்போது வருமோ என்று அஞ்சும் விவசாயி இருக்கும் நீரை வடிய விடமாட்டார். ஐப்பசி, கார்த்திகை மழையில் வடியவைக்க நினைத்தாலும் முடியாது. ஒருவர் மட்டும் செய்தால் பக்கத்து வயல் கொசு எல்லோரையும் கடிக்கும். ஒரு மடையின் கீழுள்ள எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டும். மழைக்கு முந்தைய வாரங்களில், நட்ட இளம்பயிரில், ஏரிப் பாசன சங்கத்தின் மூலம் செய்தாலே பெரிய பலன் உண்டு. புகைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை இந்த ஒருங்கிணைப்புக்குக் கொடுக்கலாம்.

மனிதரைக் காப்பதில் முதல் இடம் தடுப்பூசிக்கு. ஜப்பான் மூளைக்காய்ச்சலை அடக்கியதில் தடுப்பூசிக்கும், பன்றி வளர்ப்பு வீட்டுப் புறக்கடையை விட்டு விலகியதற்கும் பெரும்பங்கு உண்டு. இந்தியாவிலும் 2006 முதல் நோய் உள்ள மாவட்டங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்படுகிறது; இப்போது ஒன்பதாம் மாதம் முடிந்தபின் ஒன்று, ஒன்றரை வயதையொட்டி ஒன்று என இரண்டு தவணை. தொற்று கண்டவர்களில் மிகச் சிலருக்கே மூளை பாதிக்கும். பாதித்தவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் வரை இறக்கிறார்கள், பிழைத்தவர்களில் பலர் வாழ்நாள் ஊனத்தோடு இருக்கிறார்கள். இதைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. தெருவில் எத்தனை முறை புகை போட்டாலும் ஒரு குழந்தையின் விட்டுப்போன இரண்டாம் தவணைக்கு அது ஈடாகாது. இரவில் கொசு வலையும், அந்தி நேரத்தில் பிள்ளைகளுக்கு முழுக்கை உடையும் அடுத்து வருபவை.

குலிசிஃபேசிஸ் மலேரியாவைப் பரப்பும் ஊர்களில் சுவருக்கும் தொழுவத்துக்கும் மருந்து தெளிக்கத்தான் வேண்டும். அங்கே அது வேலை செய்யும். டெங்கு வந்த ஊரில் வீட்டுக்குள் தேட வேண்டும். எந்த ஊரில் எந்த இனம், அது பகலில் எங்கே அமர்கிறது என்று பார்த்த பிறகு கருவியைத் தூக்குங்கள் என்பதே கோரிக்கை. பூச்சியியல் பயிற்சி பெற்ற பணியாளர்கள் சுகாதாரத் துறையில் இருக்கிறார்கள். அவர்களை விடியலில் வீட்டுச் சுவரைப் பார்க்க மட்டும் அனுப்பாமல், பகலில் உறிஞ்சியும் வலைக்கூண்டும் கொடுத்து வரப்புக்கும் கரும்புக் கொல்லைக்கும் அனுப்பினால் ஒரு பருவத்திலேயே அந்த வட்டாரத்துக்கு உரிய விடை கிடைத்துவிடும்.

அடுத்த கிராமசபையில் புகை மருந்துக்கான செலவுத் தீர்மானம் வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன் சுகாதார அலுவலரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: நம் ஊரில் கடிப்பது எந்த இனம், பகலில் அது எங்கே இருக்கிறது? பதில் இல்லை என்றால் தீர்மானத்தை நிறுத்திவையுங்கள். அந்தப் பணத்தைத் தடுப்பூசி விட்டுப்போன குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடிக்கச் செலவிடுங்கள்.